2018 கிரெடிட் கார்டு பாக்கிக்கு இப்போது வசூல் ஏஜென்ட் மிரட்டல்

கேள்வி: அப்பாவின் கார்டுக்கு 2018 ஆகஸ்டில் கட்டியதுதான் கடைசி. இப்போது ஒருவர் இரவு 9 மணிக்கு அழைத்து, "ஆயிரம் ரூபாயாவது ஜிபே பண்ணுங்க, இல்லேன்னா அரெஸ்ட்" என்கிறார். என்ன செய்வது?

பதில் 1: அரெஸ்ட் வெறும் பூச்சாண்டி, கார்டு பாக்கி சிவில் விவகாரம். வழக்குப் போட காலவரம்பு 3 ஆண்டு. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் காலவரம்புக் கணக்கில் சேர்க்காமல் விட்ட 15.3.2020 – 28.2.2022 காலத்தைக் கழித்துப் பார்த்தாலும் 2023-இலேயே முடிந்துவிட்டது, இடையில் எழுத்தில் எதுவும் ஒப்புக்கொள்ளாமல் இருந்தால். இனி "கட்டிவிடுகிறேன்" என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3)படி அது புது வாக்குறுதி ஆகிவிடும், அதை வைத்து வழக்குப் போட முடியும்.

பதில் 2: ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 8க்கு முன்பும் இரவு 7க்குப் பின்பும் அழைக்கக் கூடாது. அழைப்புப் பதிவோடு வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார், கட்டணம் கிடையாது.

பதில் 3: காலவரம்பு முடிந்தாலும் கடன் அழியாது, சிபிலில் (கடன் வரலாற்றுப் பதிவு) கறை இருக்கும். தீர்க்க நினைத்தால் முதலில் வங்கியின் லெட்டர்ஹெட்டில் செட்டில்மென்ட் கடிதம் (எவ்வளவு கட்டினால் கணக்கை முடிப்பார்கள் என்ற கடிதம்), பிறகு கார்டு கணக்கிலேயே பணம், கடைசியில் நோ டியூஸ் (பாக்கி இல்லை) சான்று. ஏஜென்டின் ஜிபேவுக்கு அனுப்பினால் வங்கிக் கணக்கில் வரவு வந்ததா என்று அலைய வேண்டியதுதான்.