அப்பத்தா நாய்க்கு டோலோ கொடுத்துவிட்டார், இப்போது என்ன செய்வது?

பள்ளத்தூர்க்காரன்:
எங்கள் மணிக்கு ஆறு வயது. சிப்பிப்பாறைக் கலப்பு, எடை 18 கிலோ. வெள்ளிக்கிழமை வளவைக் கழுவிவிட்ட ஈரத்தில், ஆத்தங்குடிக் கல்லில் சறுக்கி விழுந்தான். நேற்றிலிருந்து வலது முன்னங்காலை ஊன்றவே இல்லை. ராத்திரி முகப்பில் படுத்து முனகிக்கொண்டே கிடந்தான். அப்பத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் மாத்திரை டப்பாவிலிருந்து டோலோ 650ஐ எடுத்துப் பாதியாக உடைத்து, தயிர்ச்சோற்றில் பிசைந்து கொடுத்துவிட்டார். "உடம்பு அனலாக் கொதிக்குதப்பா" என்கிறார்.

இன்று ஞாயிறு, மாட்டாஸ்பத்திரி பூட்டியிருக்கிறது. மீதிப் பாதியைக் கொடுக்கலாமா? உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வை என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். சொறிந்துகொண்டும் இருக்கிறான், அதற்கு செட்ரிசின் கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது.

காரைக்குடி மருந்துக்கடை:
தம்பி, மீதிப் பாதியைத் தொடாதீங்க. உப்புத்தண்ணீரும் வேண்டாம். ராத்திரி தின்னது இந்நேரம் ரத்தத்தில் கலந்திருக்கும், வாந்தியில் வராது. உப்பு அதிகமாப் போனால் அதுவே வலிப்பில் கொண்டுபோய் விடும்.

கணக்குப் பார்ப்போம். பாதி மாத்திரை 325 மில்லிகிராம். 18 கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு 18. நாய்க்குக் கல்லீரல் அடிபடுவது பெரும்பாலும் கிலோவுக்கு 100ஐ ஒட்டி. அதனால் இந்த ஒரு தடவையில் பெரிசா ஆபத்து வராதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா இதே பாதி மாத்திரை 3 கிலோ பொமரேனியன் வயித்துக்குப் போயிருந்தா? அங்கே கிலோவுக்கு 108!

இப்பவே மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. ரோஸ் நிறமா இருக்கணும். கருப்பட்டி மாதிரி பழுப்பாவோ நீலமாவோ இருந்தா, மூஞ்சி வீங்கினா, மூச்சு இரைச்சா ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க. டோலோவில் இருக்கிற பாராசிட்டமால் ரத்தச் சிவப்பணுவைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க விடாமப் பண்ணிடும். இதுக்கு மாற்று மருந்து டாக்டர்கிட்ட உண்டு, சீக்கிரம் போனாத்தான் பலிக்கும். வீட்டில் பூனை இருந்தால் அதுக்கு ஒரு துணுக்குகூடக் கொடுக்கக் கூடாது. பூனை உடம்புக்கு இந்த மருந்தை முறிக்கத் தெரியாது.

அப்புறம் அந்தக் கொதிப்பு. நாய்க்கு 101லிருந்து 102.5 டிகிரி வரைக்கும் சாதாரண சூடுதான். நம்ம கைக்கு அது காய்ச்சலாத்தான் தெரியும்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, அப்பத்தாவைத் திட்டாதீங்க. நானும் அப்படிப் பாசத்தில் செய்தவள்தான்.

எங்க ராஜபாளையம் வெள்ளையனுக்கு இடுப்பில் வலி. என் மூட்டுவலிக்கு வச்சிருந்த ஐபுப்ரோஃபென் 400ஐக் காலையும் மாலையும் மூணு நாள் கொடுத்தேன். முதல் நாளே எழுந்து நடந்தான். பலிச்சிருச்சுன்னு சந்தோஷப்பட்டேன். நாலாம் நாள் கொல்லையில் அவன் போன மலம் தார் மாதிரி கருப்பா, பளபளன்னு இருந்தது. ஈறு வெளுத்துப்போச்சு. டாக்டர் பார்த்த உடனே "வலி மாத்திரை என்ன கொடுத்தீங்க?"ன்னு கேட்டார். குடலில் புண், உள்ளே ரத்தக்கசிவு. ஏழு நாள் டிரிப்ஸ் ஏத்தி உயிரைப் பிடிச்சோம். அளவு கூடியிருந்தா சிறுநீரகமும் போயிருக்கும்னார்.

காம்பிஃப்ளாம் மாத்திரையில் இந்த ஐபுப்ரோஃபென் 400ம் இருக்கு, பாராசிட்டமால் 325ம் இருக்கு. டைக்ளோஃபினாக்னு இருக்கிற வலி மருந்தும் ஆகாது. மாட்டுக்குப் போட்ட அந்த மருந்து, செத்த மாட்டைத் தின்ன கழுகுகளையே கூட்டங்கூட்டமாக் கொன்னதால்தான் 2006ல் கால்நடைக்குத் தடை பண்ணினாங்க. நாய்க்குன்னே வலி மருந்து இருக்கு, டாக்டர் எடை பார்த்துத் தருவார். அதுவரைக்கும் அவனை ஓட விடாமக் கட்டிப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுங்க.

புதுக்கோட்டை வாசகி:
செட்ரிசின் பற்றி மட்டும். எங்கள் நாய்க்கு டாக்டரே எழுதியிருக்கிறார், எடைக்குத் தக்க அளவில். ஆனால் பெயருக்குப் பின்னால் 'டி' என்று போட்ட அட்டையும் சளி மாத்திரையும் வேறு. அதில் மூக்கடைப்புக்கான மருந்தும் சேர்ந்திருக்கும். நாய்க்கு நெஞ்சு படபடத்து வலிப்பு வரும். சிரப் என்றால் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அது நாய்க்கு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். மருந்துக்கு முன்னால் காது, கால் விரலிடுக்கு எல்லாம் விரித்து உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
ஈறு ரோஸாகத்தான் இருந்தது, ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்ணி தேடலாம் என்று டார்ச் அடித்து விரலிடுக்கை விரித்தால், பாதத்தின் நடு மெத்தையில் ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் வீக்கம். தொட்டதும் கத்திவிட்டான். நாங்கள் எடுக்கவில்லை. திங்கள் காலை டாக்டர்தான் எடுத்தார்: அரை அங்குலச் சீமைக்கருவேல முள், உள்ளே ஒடிந்து சீழ் வைத்திருந்தது. விழுந்ததற்கும் நொண்டலுக்கும் சம்பந்தமே இல்லை. வலி மரத்திருந்தால் அதே காலை ஊன்றி இன்னும் உள்ளே ஏற்றியிருப்பான் என்றார். அப்பத்தா அந்த முள்ளை ஒரு தாளில் மடித்து வாங்கிக்கொண்டார். கட்டுப்போட்ட காலோடு மணி இப்போது அவர் காலடியில் தூங்குகிறான்.