'டெவலப்' என்ற இங்கிலீஷ் சொல்லில் எந்த இடத்தை அழுத்திச் சொல்வது? பள்ளியில் சொல்லித்தர வேண்டுமா?

இரவுப்பணி:
எட்டு வருஷமா அமெரிக்க கிளையண்ட்டோட போன்லதான் பொழப்பு. சேர்ந்த புதுசுல 'டெ'யை அழுத்தி 'டெவலப்மென்ட்'னு சொன்னேன். அந்தப் பக்கம் மூணு தடவை "சாரி?". ரெண்டாவதா வர்ற 'வெ'யை அழுத்தினதும் புரிஞ்சுடுச்சு. ஸ்கூல்ல ஸ்பெல்லிங்குக்கு அடி வாங்கினோம், இதைப் பத்தி யாரும் மூச்சு விடல. ஆறாம் வகுப்புலயே சொல்லித்தரணும்.

சேலத்துக்காரி:
யாருக்காக? என் இங்கிலீஷ் பெங்களூர்லயும் டெல்லியிலயும் நல்லாவே புரியுது. 'லேபரட்டரி'ல அமெரிக்கர் முதல் அசையை அழுத்துவார், பிரிட்டிஷ்காரர் ரெண்டாவதை. 'காண்ட்ரவர்சி'க்கு பிரிட்டனுக்குள்ளயே ரெண்டு கட்சி. முதல்ல அவங்க பஞ்சாயத்து முடியட்டும்.

பழைய வாத்தியார்:
அம்மா, அப்படிப்பட்ட சொற்கள் கொஞ்சம்தான். 'ஃபோட்டோகிராஃப்' எடுத்துக்கொள்ளுங்கள், அழுத்தம் முதல் அசையில். 'ஃபோட்டோகிராஃபி' ஆனதும் இரண்டாவதுக்கு ஓடிவிடும். தொடக்கத்து 'ஃபோ' சுருங்கி 'ஃப' ஆகிவிடும். 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவது. 'இக்', 'ஷன்', 'இட்டி' என்று முடிந்தால் அதற்கு முந்தின அசைதான். 'எஜுகேட்', 'எஜுகேஷன்' இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

சேலத்துக்காரி:
'கேத்தலிக்'? 'அரித்மெட்டிக்'?

பழைய வாத்தியார்:
மாட்டிக்கொண்டேன். இரண்டும் விதிவிலக்கு.

வெண்பாப்பித்தன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எல்லாரும் 'அசை'ன்னே சொல்றீங்க. யாப்புல 'கட' ஒரே நிரையசை, ஆனா இங்கிலீஷ் கணக்குல அது 'க', 'ட'ன்னு ரெண்டு சிலபிள். 'சிலபிள்'னே சொல்லிடுங்க, குழப்பம் தீரும்.

இரவுப்பணி:
சரி, சிலபிள். நாம எழுத்தைப் பாத்து 'வெ-ஜி-டே-பிள்'னு நாலு சொல்றோம். அவங்க வாயில 'வெஜ்-ட-பிள்', மூணுதான். 'கம்ஃபர்டேபிள்'னு நாம இழுக்கறது அவங்களுக்கு 'கம்ஃப்-ட-பிள்'. அழுத்தம் விழாத இடத்தை முழுங்கிடறாங்க. தமிழ்ல குறிலோ நெடிலோ அதது தன் மாத்திரையை வாங்கிக்கும், அதனால முழுங்க நமக்கு மனசே வராது. அவங்க வேகமாப் பேசும்போது பாதி வார்த்தை நம்ம காதுல விழாததும் இதனாலதான்.

சேலத்துக்காரி:
காதுக்குன்னா ஒத்துக்கறேன். சப்டைட்டில் இல்லாம எனக்கு ஒரு இங்கிலீஷ் படம் ஓடாது. ஆனா காது பழகறதுக்கு நாலு படம் பாத்தா போதும், ஆறாம் வகுப்புல பரீட்சை எதுக்கு?

பழைய வாத்தியார்:
பரீட்சை வைக்கச் சொன்னது யார்? கரும்பலகையில் 'ரெக்கார்டு' என்று எழுதி, பெயர்ச்சொல்லானால் முதல் சிலபிளுக்கு ஒரு தட்டு, வினைச்சொல்லானால் இரண்டாவதுக்கு ஒரு தட்டு. மேசையைத் தட்டிக் காட்ட இரண்டு நிமிஷம் ஆகுமா?

சேலத்துக்காரி:
தட்டுங்க சார். நான் 'டெ'யைத்தான் அழுத்துவேன்.