மூளை அறுவைச் சிகிச்சை பயில்வோருக்கு வாரம் 48 மணி நேரப் பணி போதுமா?

கன்னங்குறிச்சி வாசகி:
என் மகள் பொது அறுவைச் சிகிச்சை மேற்படிப்பான எம்.எஸ். முடித்துவிட்டு, ஒரு போதனை மருத்துவமனையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சைக்கான எம்.சிஎச். முதலாண்டு பயில்கிறாள். சென்ற வாரம் 30 மணி நேரப் பணி முடித்து வந்தவள், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் திண்ணையிலேயே உறங்கிப்போனாள். பயிற்சி மருத்துவர்களின் பணி சாதாரணமாக ஒரு நாளில் 12 மணி நேரத்தையும் வாரத்தில் 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1992ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. அதைச் சேலத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அஸ்தம்பட்டி மருத்துவர்:
அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆயினும் அந்த வரம்பு எங்கள் துறைக்குப் பொருந்தாது என்றே கருதுகிறேன். தொப்பூர்க் கணவாயிலும் உளுந்தூர்ப்பேட்டைச் சாலையிலும் அடிபடுகிறவர்கள் நேரம் பார்த்து வருவதில்லை. பொட்டெலும்பு உடைந்து, அதன் உட்புறம் ஓடும் தமனி கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே ரத்தம் கட்டிக்கொள்ளும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, ஊர் பேரெல்லாம் சொல்லுவார். சில மணி நேரத்தில் நினைவு மங்கி, ரத்தக்கட்டு இருக்கும் பக்கத்துக் கண்ணின் பாவை விரியும். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சற்றுப் போவதை உடனிருந்து பார்த்து, ஸ்கேனுக்கு அழைத்துச் சென்று, தியேட்டரில் எலும்பைத் துளைத்து ரத்தக்கட்டை வெளியேற்றி, விடியற்காலையில் அவர் கண் திறப்பதையும் காண்கிற மாணவர் கற்றுக்கொள்வதை, எட்டு மணி ஆனதும் புறப்படுகிறவர் எப்படிக் கற்பார்?

நான் பயின்ற காலத்தில் கையால் சுற்றும் ஹட்சன் துளைக்கருவிதான் இருந்தது. எலும்பின் உள்ளோட்டை நெருங்கும்போது பிடி மாறுவதை எங்கள் கை பல இரவுகளில் பழகிக்கொண்டது. இப்போது எலும்பைக் கடந்ததும் தானாக நின்றுவிடும் மின்கருவி வந்துவிட்டது. அது நிற்கத் தவறும் நாளுக்கும் பழகிய கை வேண்டும்.

அமெரிக்காவில் 2003 முதல் வாரத்துக்கு 80 மணி என்பது வரம்பு, அங்கே இப்படிப்பு 7 ஆண்டு. இங்கே எம்.எஸ்.ஸுக்குப் பின் 3 ஆண்டு. கணக்கிட்டால் அங்கே ஏறத்தாழ 29,000 மணி நேரம். 48 மணி வரம்பில் இங்கே 7,500 மணி நேரம்.

மூன்றாமாண்டு மாணவர்:
ஐயா, எம்.எஸ். படித்த 3 ஆண்டுகளைச் சேர்த்தால் உங்கள் கணக்கு 15,000 ஆகிவிடும். அதைவிட, பணிநேரம் முழுவதையும் பயிற்சி நேரமாகக் கொள்வதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. கடந்த மாதம் ஒரு வாரம் முழுக்க எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதிவைத்தேன். தியேட்டரில் நின்றது கால் பங்குகூட இல்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கும், ரத்த வங்கிக்கு ஓடுவதற்கும், காப்பீட்டுப் படிவங்களை நிரப்புவதற்கும்தான் மீதி நேரம் போயிற்று.

நுண்ணோக்கியின்கீழ் ரத்தக்குழாய் இணைக்கப் பழகுவதற்குக் கறிக்கடையிலிருந்து கோழி இறக்கை வாங்கி வருகிறோம். அதிலுள்ள தமனி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். நூலோ தலைமுடியைவிட மெல்லியது. நன்றாக உறங்கிய நாளில் என் தையல்கள் ஒழுகாமல் நிற்கின்றன. இரவுப் பணிக்கு மறுநாள் அதே கை, குழாயின் எதிர்ச்சுவரையும் சேர்த்துத் தைத்து வழியை அடைத்துவிடுகிறது. அந்தக் கையோடுதான் மறுநாளும் தியேட்டருக்குள் போகிறேன்.

ஓமலூர்க்காரர்:
என் தம்பிக்கு நள்ளிரவில் தலையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, பெரிய டாக்டர் உடன் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டேன். செய்கிறவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. தம்பி இன்று நலமாக இருக்கிறான். ஆனாலும் இதைப் படித்த பிறகு மனம் பதறுகிறது.

அஸ்தம்பட்டி மருத்துவர்:
தம்பி, எம்.எஸ். காலத்தில் நீங்கள் பெரும்பாலும் வயிற்றைத் திறக்கக் கற்றீர்கள். அதை மூளைக்கான கணக்கில் சேர்க்க மாட்டேன். படிவ வேலையை மருத்துவர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. என் அச்சமெல்லாம் ஆள் மாறுவதைப் பற்றியது. சுயநினைவு அளவு 15க்கு 13ஆக இருந்த நோயாளி காலையில் 11ஆக இறங்கினால், இரவில் அவரோடு பேசியவருக்கு உடனே பொறி தட்டும். கேஸ் ஷீட்டில் மட்டும் படித்தவர் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடக்கூடும்.

கன்னங்குறிச்சி வாசகி:
ஐயா, 28ஆவது மணி நேரத்தில் நிற்கும் என் மகள் அதைத் தவறாமல் கண்டுகொள்வாள் என்று உங்களால் உறுதி கூற முடியுமா? பணி முடிப்பவரும் ஏற்பவரும் படுக்கையருகே ஒன்றாக நின்று, நோயாளியை எழுப்பிப் பேசவைத்து, கண்களில் ஒளி அடித்துப் பார்த்து ஒப்படைப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் உங்கள் அச்சத்துக்கு இடம் ஏது?

அஸ்தம்பட்டி மருத்துவர்:
அந்த அரை மணி நேரத்தைப் பணிப்பட்டியலிலேயே சேர்க்க வேண்டும். அதற்கு முழுமனதாக உடன்படுகிறேன். ஆனால் மண்டையோட்டைத் திறந்து நிற்கும் மாணவரை நேரம் முடிந்ததென்று பாதியில் கையுறையைக் கழற்றச் சொல்லும் விதியாக இருந்தால், 48 என்ற எண்ணை இன்றும் எதிர்ப்பேன்.

மூன்றாமாண்டு மாணவர்:
பாதியில் விட்டுப் போக எங்களில் எவரும் கேட்கவில்லை, ஐயா. முடித்த பின் உறங்கப் போகவே அனுமதி கேட்கிறோம்.