மூன்று மருத்துவமனைகள், ஒரே நோயாளி: மேட்ரன்கள் முதலில் எதில் ஒத்துப்போக வேண்டும்?

வார்டு இன்சார்ஜ்:
எங்கள் குழுமத்தில் மூன்று மருத்துவமனைகள். ஐ.சி.யூ. நோயாளிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி மாற்றப்படுகிறார்கள். மூன்று நர்சிங் சூப்பரின்டென்டென்ட்களும் (மேட்ரன்கள்) மாதம் ஒருமுறை கூடுகிறார்கள், மினிட்ஸ் வருகிறது, வார்டில் எதுவும் மாறவில்லை. நோயாளியை ஒப்படைக்கும்போது நிரப்பும் ஹேண்டோவர் படிவத்தைப் பொதுவாக்குவதில் தொடங்கச் சொல்லலாமா?

ஐசியூ சிஸ்டர்:
படிவம் அப்புறம், சிஸ்டர். முதலில் மருந்து கலக்கும் அளவு. பி.பி.யை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினை ஓரிடத்தில் 50 மி.லி. சிரிஞ்சில் 4 மி.கி. கலப்பார்கள், இன்னோரிடத்தில் 8 மி.கி. அதாவது மி.லி.க்கு 80 மைக்ரோகிராம், 160 மைக்ரோகிராம். "5-ல் ஓடுது" (மணிக்கு 5 மி.லி.) என்று சொல்பவர் மனதில் இருப்பது நிமிடத்துக்கு 6.7 மைக்ரோகிராம்; கேட்பவருக்கு அது 13.3. கூட வந்த சிரிஞ்ச் தீரும்வரை ஒன்றும் தெரியாது. புது சிரிஞ்ச் மாட்டிய பிறகுதான் பி.பி. எகிறும், இல்லையென்றால் சரியும்.

ஆகவே மூவரும் ஐ.சி.யூ. டாக்டர்களையும் ஃபார்மசி பொறுப்பாளர்களையும் சேர்த்து உட்கார வைத்து ஒரே அளவை எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். நர்சிங் மட்டும் முடிவெடுத்தால் நைட் டியூட்டி டாக்டர் பழைய கணக்கிலேயே எழுதுவார். ஆம்பியூலில் (மருந்துக் குப்பியில்) உள்ள மி.கி. எண் பேஸா (மருந்து மட்டும்), பைடார்ட்ரேட்டா (உப்பாகச் சேர்ந்த மொத்த எடை) என்றும் பாருங்கள். பைடார்ட்ரேட் 2 மி.கி. என்றால் பேஸ் 1 மி.கி.தான். ஹேண்டோவரில் மணிக்கு இத்தனை மி.லி. என்று மட்டும் சொல்வதை ஏற்கவே கூடாது. எத்தனை மி.கி., எத்தனை மி.லி.யில், நோயாளியின் எடை, கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று நான்கையும் கேட்டு வாங்க வேண்டும்.

தரப்பிரிவு நர்ஸ்:
அடுத்தது படுக்கைப் புண். அது வரும் ஆபத்தைக் கணக்கிட பிரேடன், வாட்டர்லோ என்று இரண்டு அளவுகோல்கள் உண்டு. பிரேடன் ஸ்கோர் குறையக் குறைய ஆபத்து, வாட்டர்லோ கூடக் கூட ஆபத்து. "ஸ்கோர் 12" என்றால் பிரேடனில் அதிக ஆபத்து, வாட்டர்லோவில் ஆபத்தின் தொடக்கப் படி. மூவரும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நோயாளி வந்து இறங்கியதும் கூட வந்த நர்ஸும் வாங்கும் நர்ஸும் சேர்ந்தே இடுப்பின் பின்புறம், குதிகால் இரண்டையும் பார்த்து, புண்ணின் நீளம் அகலத்தை செ.மீ.யில் எழுதிக் கையெழுத்திடட்டும். இல்லாவிட்டால் கூட்டத்தில் பாதி நேரம் "உங்களிடம் வந்த புண்" என்ற சண்டையில் போய்விடும்.

வார்டு இன்சார்ஜ்:
நன்றி. முடிவு எடுத்த பிறகும் பழைய தாளே ஓடுகிறதே?

ஐசியூ சிஸ்டர்:
ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரே சூப்பரின்டென்டென்ட் பொறுப்பு. மூன்று இடத்துக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். புது சார்ட்டின் மூலையில் தேதி போடுங்கள். அன்றைக்கே டிராயரில் கிடக்கும் பழைய ஜெராக்ஸ் கட்டுகளை எடுத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை இரவில் கைக்கு வருவது அதுதான்.