கரண்டை நம்பாமல் மூணு மாதச் சாமான்: அரிசி, பருப்பு வண்டு பிடிக்காமல் வைப்பது எப்படி?

தாமுவே_தங்கை:
எல்லாருக்கும் வணக்கம். மியான்மர், யாங்கூனில் மூணாவது மாடி வீடு. பெரியவங்க நாலு பேர், பள்ளிக்கூடம் போற பிள்ளை ஒண்ணு. விலை ஏறிக்கொண்டே போகுது. மே மாதம் மழை பிடிக்கிறதுக்குள்ள மூணு மாதத்துக்கு வேண்டிய சாமானைச் சேர்த்து வைக்கணும். ஃபிரிட்ஜ் கணக்கில் இல்லை. எவ்வளவு வாங்கணும்? சாக்கில் வைத்தால் அரிசியில் வண்டு விழுது. வேப்பிலை, காய்ந்த மிளகாய் போட்டும் நிற்கலை. இருப்பதை இழுத்துப் பிடித்துச் சமைக்கவும் வழி சொல்லுங்க. கரி விலையும் கையைக் கடிக்குது.

பகோ_அரிசிக்கடை:
தங்கச்சி, முதலில் கணக்கு. பெரியவருக்கு நாளைக்கு 350 கிராம் அரிசி, பிள்ளைக்கு 200 என்று வைத்தால் வீட்டுக்கு 1.6 கிலோ. 90 நாளுக்கு 144 கிலோ. 24 பியீ (இங்கே அரிசி அளக்கும் படி) மூட்டை ஏறக்குறைய 49 கிலோ வரும், ஆக மூணு மூட்டை. பருப்பு ஆளுக்கு 60 கிராம் என்றால் 27 கிலோ, அதாவது இங்கத்து வீசையில் பதினாறரை. எண்ணெய் ஆளுக்கு 25 மில்லி என்றால் 11 லிட்டர் சொச்சம், ஆறே கால் வீசை. இதை ஒரே நாளில் வாங்க வேண்டாம். மாதச் சாமானோடு ஒரு மூட்டை கூடுதலாக எடுத்தால் மூணு மாதத்தில் சேர்ந்துவிடும். ஒரு மூட்டையில் கோளாறு இருந்தாலும் மற்றது தப்பும்.

வேப்பிலையும் மிளகாயும் ஏன் நிற்கவில்லை என்றால், அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்கிறது, வாசம் அதை ஒன்றும் செய்யாது. நம்ம ஊர் வெக்கையில் முட்டை வண்டாகி வெளியே வர நாலைந்து வாரம்தான். வாங்கும்போது சுத்தமாக இருந்த அரிசி அடுத்த மாதம் நெளிவதற்குக் காரணம் இதுதான். முட்டை மில்லிலேயோ கடைச் சாக்கிலேயோ ஏறியிருக்கும்.

அதைக் கொல்வது காற்றில்லாமை. மூடி இறுகும் பாத்திரத்தில் வாய்வரை நிரப்பி அடைத்தால் உள்ளே இருக்கிற பூச்சியே இருக்கிற பிராண வாயுவை இழுத்துத் தீர்த்துவிட்டுச் செத்துப் போகும். பாதி நிரப்பினால் மேலே காற்று மிச்சம் இருக்கும், பூச்சி பிழைத்துக்கொள்ளும். அதனால் பெரிய டிரம் ஒன்றைவிடச் சின்னப் போத்தல் பல நல்லது. குளிர்பானம் வரும் ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலில் 1.2 கிலோ அரிசி பிடிக்கும். போத்தலைக் கழுவி, கவிழ்த்து வைத்து, இரண்டு நாள் முழுக்கக் காய விடுங்க. புனலில் கொட்டி, தரையில் தட்டித் தட்டி இடைவெளி இல்லாமல் நிரப்பி, மூடியை இறுக்குங்க. மூணு வாரம் திறக்கவே கூடாது. ஒன்றைத் திறந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்தது. போத்தல் மேல் தேதி எழுதி, பழையதை முன்னால் வையுங்க.

காற்றை அடைப்பதற்கு முன்னால் ஈரம் பார்க்கணும். ஈர அரிசியை அடைத்தால் வண்டுக்குப் பதில் பூஞ்சணம் வரும். காய்ந்த கண்ணாடிப் போத்தலில் கால் பங்கு அரிசி, அதோடு சட்டியில் வறுத்து ஆறவைத்த பொடி உப்பு இரண்டு ஸ்பூன் போட்டு மூடிக் குலுக்குங்க. 10 நிமிடம் கழித்துக் கண்ணாடியில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், அடைக்கக் கூடாது. பாயில் பரப்பி நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்க. வெள்ளை அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் கொட்டினால் மணி வெடித்து நொய்யாகப் போகும். இந்த வேலையெல்லாம் ஏப்ரலுக்குள் முடியணும். ஜூனில் காற்றே ஈரம்.

இன்னொன்று, புது அரிசி குழையும், பெருகாது. எமாத்தாவோ பொசானோ எந்த ரகமானாலும், ஆறு மாதம் பழகிய அரிசி தண்ணீர் கூட இழுத்து, அதே அளவுக்குச் சோறு கூடக் காணும்.

தன்லின்_பருப்பு:
அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். 20 லிட்டர் தண்ணீர்க் குடம் மலிவாகக் கிடைக்குதே என்று பலபேர் அதில் அரிசி வைக்கிறாங்க. பதினாறு கிலோ தாராளமாகப் பிடிக்கும். ஆனால் அதன் மூடி காற்றை நிறுத்தாது. வாயில் இரண்டு மடிப்புப் பிளாஸ்டிக் தாள் வைத்து மூடி, சுற்றிலும் மெழுகு உருக்கி ஊற்றினால்தான் பயன்.

பருப்பு வேறு வழக்கு. பயறு வண்டு முழுப் பயறின் தோல் மேல் முட்டை ஒட்டும். உடைத்த பருப்பில் அவ்வளவாக விழாது. ஆகவே துவரையை உடைத்ததாகவே வாங்குங்க. உளுந்து, பச்சைப்பயறு முழுசாக இருந்தால் கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு மணியிலும் படும்படி கையால் பிசறுங்க. அதற்கு மேல் ஊற்றினால் சிக்கு வாடை வரும். வண்டு ஏற்கெனவே விழுந்த பயறுக்கு வெயில்தான் மருந்து. மொட்டை மாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து, ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் போர்த்தி, ஓரத்தில் செங்கல் வையுங்க. உள்ளே 57 டிகிரி ஏறி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு எல்லாம் சாகும். ஏப்ரல் நடுப்பகலில் இது கிடைக்கும். முழுக்க ஆறிய பிறகே போத்தலில் அடைக்கணும்; சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்க்கும்.

துவரை ஜனவரி, பிப்ரவரியிலும் உளுந்து பிப்ரவரி, மார்ச்சிலும் அறுப்பு. இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தொடங்கினால் இங்கே விலை குதிக்கும், அதற்குள் வாங்கிவிடுங்க. நிலக்கடலையை மட்டும் மூணு மாதத்துக்கு வைக்காதீங்க. ஈரம் பட்டால் பூஞ்சண விஷம் பிடிக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் தின்னக் கூடாது.

தாமுவே_தங்கை:
ரொம்ப நன்றி அண்ணே. சாக்கில் போடுகிற வண்டு மாத்திரை கடையில் கொடுக்கிறாங்க, அதைப் போட்டால் வேலை சுலபம் இல்லையா?

பகோ_அரிசிக்கடை:
வேண்டவே வேண்டாம். அது காற்று ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு விடும். குடோனில், ஆள் படுக்காத இடத்தில், தெரிந்தவர் செய்கிற வேலை அது. படுக்கிற வீட்டில் வைத்தால் ராத்திரியோடு குடும்பமே போய்விடும். பிள்ளை இருக்கிற வீடு, அந்த மாத்திரை வாசலையே தாண்டக் கூடாது.

மோல்மீன்_அடுப்படி:
சமையல் பக்கம் நான் சொல்றேன். கரியைப் பாதியாக்க ஒரு மூங்கில் கூடையும் பழைய கம்பளியும் போதும். அரிசி ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்றே முக்கால். ஆவி போகாததால் வழக்கமாக ஊற்றுவதைவிடக் குறைவு. மூடி போட்டு, தளதளவென்று 5 நிமிடம் கொதித்ததும் பானையை இறக்கி, கம்பளியால் அடியிலும் மேலும் நாலாபக்கமும் சுற்றிக் கூடையில் வையுங்க. ஒரு மணி நேரத்தில் சோறு. நாலு மணி நேரம் ஊறிய பருப்பு என்றால் 15 நிமிடம் கொதி, கூடையில் மூணு மணி நேரம். இடையில் திறந்து பார்க்கவே கூடாது. பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்கணும், கொஞ்சமாக இருந்தால் சூடு நிற்காது. எடுக்கும்போது கை பொறுக்கிற சூடுதான் இருந்தால் மறுபடி கொதிக்கவைத்துச் சாப்பிடுங்க. கரி அடுப்பைக் கதவடைத்த அறையில் வைக்காதீங்க, பால்கனியில்தான்.

மிஞ்சிய சோறு வெதுவெதுப்பாகப் பானையில் கிடக்கக் கூடாது. அந்தச் சூட்டில் வளரும் கிருமி விடுகிற விஷம் திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் மூழ்க ஊற்றி வையுங்க. காலையில் பழையது, மதியத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

பச்சைப்பயறு முளைகட்டினால் 100 கிராம் இரண்டரை மடங்கு எடை காணும். கூடினது தண்ணீர்தான், சத்துக் கணக்கில் பருப்பு பருப்பேதான். ஆனால் காய் கிடைக்காத வாரத்தில் வைட்டமின் சி வருவது இதிலிருந்து, அதற்காகச் செய்யுங்க. சாம்பாருக்குப் பருப்பைப் பாதியாக்கி, பூசணியோ சுரைக்காயோ மசித்துச் சேர்த்து, கடலைமாவு ஒரு ஸ்பூன் கரைத்து விட்டால் திக்காக நிற்கும். இட்லி மாவு அன்றன்றைக்குத்தான். இங்கே ஆறேழு மணியில் பொங்கிவிடும், ஃபிரிட்ஜ் இல்லாமல் மறுநாள் வயிற்றைக் கெடுக்கும் புளிப்பு.

வத்தல் போடுவது டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மட்டும். பாகற்காயை அரை சென்டிமீட்டர் வில்லையாக்கி, உப்புத் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, நாலு வெயில். வளைந்தால் போதாது, ஒடியணும். மழைக்காலத்துக்கு எலுமிச்சை ஊறுகாய், ஒரு கிலோவுக்கு 200 கிராம் உப்பு. பூண்டை மட்டும் பச்சையாக எண்ணெயில் போட்டு வெளியில் வைக்காதீங்க, கெட்ட வாடையே இல்லாமல் விஷமாகும்.

தன்லின்_பருப்பு:
அக்கா சொன்ன கூடைச் சமையலுக்கு ஒரு விலக்கு. விலை மலிவு என்று லீமா பீன்ஸ் வாங்கினால் அது கூடையில் வேகக் கூடாது. பச்சையில் சயனைடு விடுகிற பொருள் அதில் உண்டு, நிறமுள்ள கொட்டையில் கூடுதல். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் மூடி போடாமல் முழுக்க வேகவிட்டு, அந்தத் தண்ணீரையும் கொட்டுங்க. சிவப்பு ராஜ்மாவும் அப்படியே, குறைந்தது 10 நிமிடம் நல்ல கொதி கொதிக்கணும், இளஞ்சூட்டில் வெந்தால் வாந்தி பேதிதான்.

சாமானை வைக்கும் இடமும் பாருங்க. 2008 மே 2, 3 நர்கீஸ் புயலில் கூரை போன வீடுகளில் மேல் பரணில் இருந்தது மழையில் நனைந்தது, தாழ்ந்த இடங்களில் தரையில் இருந்தது தண்ணீரில் போனது. மூணாவது மாடிக்கு வெள்ளம் வராது, ஜன்னல் வழியாகச் சாரல் வரும். உள்சுவர் ஓரம், தரையிலிருந்து ஒரு அடி உயரப் பலகை, சுவரில் முட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்க.