கந்தோர்க் கொம்பியூட்டர் சேரிடம் ஏச்சு வாங்கியவர்கள் வாருங்கள்

கல்லடிப் பாலத்தடி எழுதியது:

போன கிழமை எங்கள் பழைய கொம்பியூட்டர் சேரை மண்முனைப் பாலத்தில் கண்டேன். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. சைக்கிளைச் சாத்திவிட்டு, வலை வீசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுகம்கூட விசாரிக்கவில்லை. "தம்பி, மகள்ட படமெல்லாம் ஒரு டிரைவில போட்டு வெச்சீங்களே, பிறகு எடுத்துப் பார்த்தீங்களா?" என்றார். நான் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கேயே தோன்றியது, இவரைப் பற்றி ஓர் இழை தொடங்க வேண்டும் என்று.

பெயர் போடவில்லை, அவருக்குப் பிடிக்காது. விண்டோஸ் 95 காலம் தொட்டு மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் பல கந்தோர்களுக்கு வந்து போனவர். அரைக்கைச் சட்டை, பையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு அழிறப்பர். ராம் துண்டைக் கழற்றி அந்த அழிறப்பரால் தேய்த்துவிட்டுப் போடுவார், பாதி கொம்பியூட்டர்கள் அதோடு உயிர் பெறும். கடற்காற்றில் உப்புப் படிகிற ஊருக்கு அதுதான் முதல் மருந்து என்பார். இப்போது யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும்.

என் கதை 2004. கடற்கரைப் பக்கம் ஒரு கந்தோரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடன் கணக்கு முழுவதும் ஒரே ஒரு கொம்பியூட்டரில். சேர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை வந்து இரண்டு சீடி எழுதுவார். ஒன்று எங்கள் இரும்பு அலுமாரிக்குள் போகும். மற்றதைப் பையில் வைத்துக்கொண்டு, மண்முனைத் துறையில் பாதை ஏறி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற படுவான்கரையில் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுபோவார். (இளம் ஆட்களுக்காக: பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற மிதவை. பாலம் 2014இல்தான் வந்தது.) சோதனைச் சாவடியில் சீடியைக் கண்டால் "என்ன படம்?" என்று கேட்பார்களாம். கணக்கு என்று சொன்னால் நம்பமாட்டார்களாம். எங்கள் மேலாளருக்கு இது பெரிய பகிடி. "சேர் சீடிக்குச் சுற்றுலா காட்டுறார்" என்பார்.

டிசெம்பர் 26 கடல் வந்தது. கந்தோருக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற அடையாளம் சுவரில் இருந்தது. அலுமாரி கவிழ்ந்து, சீடி எல்லாம் சேறு. சில நாள் கழித்து, மேலாளர் கொம்பியூட்டரை வெயிலில் வைத்துக் காய விட்டு, கரண்ட் கொடுத்துப் பார்ப்போம் என்று வயரைச் சொருகப் போனார். சேர் ஓடிவந்து பிடுங்கிவிட்டார். "உப்புத் தண்ணி குடிச்சதுக்குக் கரண்ட் குடுத்தா மிச்சமும் போயிரும்." அடுத்த நாள் ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே பாதிக்கு அரிசி, அதன் மேல் கடதாசியில் சுற்றிய சீடி. டிசெம்பர் 17 வரையான கணக்கு முழுவதும் இருந்தது.

அச்சடித்து எடுத்தோம். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பெயர்களைப் பேனாவால் வெட்டிக்கொண்டு போனோம். அந்த வேலையைப் பற்றி இங்கே எழுத எனக்கு ஏலாது.

எப்படி அவ்வளவு நிச்சயமாக இருந்தீர்கள் என்று பின்னொரு நாள் கேட்டேன். நிச்சயமாக இருக்கவில்லை, அதனால்தான் ஒவ்வொரு முறையும் வீட்டில் திறந்து பார்த்தேன் என்றார். முதல் வருடம் எழுதிய சீடிகளில் ஒன்று திறக்கவில்லையாம். அவருடைய தகப்பன் விதைப்புக்கு முன் விதைநெல்லில் ஒரு பிடி அள்ளி, ஈரத்துணியில் முடிந்து வைத்து முளைக்கிறதா என்று பார்ப்பாராம். "மூட்டை நிறைய நெல் இருக்கு எண்டு வயலுக்கு இறங்கினா, முளைக்காததும் சோறுதான், ஆனா அது விதை இல்ல." சேர் படித்தது எல்லாம் அந்தத் துணி முடிச்சில்தான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கல்முனைக் கடைக்காரன் எழுதியது:

சேரைத் தெரியாமலா! நான் ஒரு கொமியுனிகேசன் நடத்திய காலம். போட்டோ கொப்பி, பக்ஸ், மூன்று கொம்பியூட்டர். ஒரு நாள் ஒன்றில் மட்டும் இன்டர்நெட் இல்லை. எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று சிவப்பாக எழுதி வருகிறது. டவுனில் ஒருவரிடம் கொண்டுபோனேன். வைரஸ் என்று சொல்லி, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து போமட் பண்ணிக் காசு வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதே சிவப்பு. இன்னொருவர் மதர்போர்ட் மாற்றச் சொன்னார்.

தற்செயலாகச் சேர் பக்கத்துக் கடைக்கு வந்திருந்தார். கூப்பிட்டேன். கதிரையில்கூட உட்காரவில்லை. நின்றபடியே திரையின் வலது மூலையைப் பார்த்தார். "காக்கா, இண்டைக்கு என்ன வருசம்?" என்றார். கொம்பியூட்டர் பத்து வருடம் பின்னால் நின்றது. உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பற்றரி இருக்கிறது, அது செத்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் மணிக்கூடு பழைய தேதிக்குப் போய்விடும். தளங்கள் காட்டுகிற சான்றிதழ் எல்லாம் கொம்பியூட்டருக்கு இனிமேல்தான் பிறக்கப் போகிறதாகத் தெரியும், அதனால் நம்பாது. பற்றரியை மாற்றி, தேதியைச் சரிபண்ணிவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். காசு எடுக்கவில்லை.

போமட் பண்ணினவரைப் பற்றி நான் கொதித்துக்கொண்டு நிற்க, அவர் சொன்னது: "அவன் கள்ளன் இல்ல காக்கா, அவனுக்கு அது ஒண்டுதான் தெரியும்." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒன்றுதான் தெரியுமென்றால் ஒன்றுக்குரிய காசை வாங்க வேண்டும்.

வாழைச்சேனை டைப்பிஸ்ட் எழுதியது:

எல்லாரும் புகழ்கிறீர்கள். எனக்கு அவரோடு ஆறு மாதம் கதை இல்லாமல் இருந்த அனுபவம் உண்டு.

நான் தட்டச்சு இயந்திரத்தில் பழகி, பிறகு கொம்பியூட்டரில் பாமினி எழுத்துருவுக்கு வந்தவள். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். இவர் ஒரு நாள் வந்து, இனிமேல் எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட்தான் என்றார். ஏன் என்று கேட்டேன். நான் அடித்த ஒரு பெயர்ப் பட்டியலைத் திறந்து, பாமினி எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் காட்டினார். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. "இது தமிழ் இல்ல தங்கச்சி. தமிழ் வேசம் போட்ட இங்கிலீசு. எழுத்துரு கழண்டா வேசம் கழண்டுரும்." எல்லார் முன்னாலும் சொன்னார். இருபது வருட வேலையை வேசம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அவர் சொன்னது சரிதான், மறுக்கவில்லை. பாமினியில் கிடந்த பழைய பட்டியல்களில் ஒரு பெயரைத் தேடி எடுக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் விசைப்பலகை மாறியதும் என் விரல் தடுமாறி, ஒரு கடிதத்துக்கு அரை நாள் போனது. அப்புறம் மருமகள் ஒருத்தி சொன்னாள், பாமினி விசையிலேயே அடித்து யூனிகோடில் எழுத்து வரச்செய்கிற மென்பொருள் இருக்கிறதென்று. போட்டுத் தந்தாள். ஒரே நாளில் பழைய வேகம். இதைச் சேர் முதலே சொல்லியிருந்தால் அந்த ஆறு மாதமும் இல்லை.

பிறகு அவரிடம் நேரிலேயே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நான் பைலைத்தான் பார்த்தன், உங்கட விரலை யோசிக்கல்ல" என்றார். அதற்குப் பிறகுதான் நானும் அவருக்குத் தேநீர் அனுப்பத் தொடங்கினேன்.

வந்தாறுமூலை 2006 எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன், எனக்கும் அப்படி ஏச்சு விழுந்திருக்கிறது. நான் அவரிடம் பயிற்சிக்குப் போனவன். முதல் மூன்று மாதம் கேபிள் இழுக்கவும் துடைக்கவும்தான் விட்டார். பவர் சப்ளைக்குள் செத்த பல்லி எடுப்பது என் தனிச் சிறப்பு.

2006 ஏப்ரல் நினைவிருக்கிறதா? மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996இல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, அதே வருடம் அரை மணி பின்னுக்கு எடுத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், புலிகளின் பகுதியில், பழைய நேரமே ஓடியது. சேர் அக்கரையில் பிறந்து இக்கரையில் வேலை செய்தவர், பாதை ஏறினால் அரை மணி மாறும். "அப்பாவிடம் போனா எனக்கு அரை மணி வயசு குறையும்" என்பார். 2006 ஏப்ரல் 15 நள்ளிரவோடு நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பியது, அதுவும் சித்திரைப் புத்தாண்டு லீவுக்குள்.

நான் கெட்டிக்காரத்தனமாக லீவு முடிந்து வந்ததும் எல்லாக் கொம்பியூட்டரிலும் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைத்துவிட்டேன். நேர வலயத்தை, அதாவது எந்த ஊர் நேரம் என்று கொம்பியூட்டருக்குச் சொல்கிற இடத்தை, தொடவில்லை. இரண்டு நாளில் கொழும்பிலிருந்து கேள்வி: உங்கள் மின்னஞ்சல்கள் அனுப்பியதற்கு அரை மணி முன்பே அனுப்பிய மாதிரிக் காட்டுகிறதே? சேர் ஏசவில்லை. சென்னை, கொல்கத்தா என்று போட்டிருக்கிற வலயத்தைத் தெரிவு செய்யச் சொன்னார், ஒவ்வொன்றாக. பிறகு தன் சீஆர் கொப்பியை (தடித்த மட்டைக் கொப்பி) என்னிடம் தந்து, நான் செய்த பிழையை என் கையாலேயே எழுத வைத்தார். அன்றைய தேதி, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், என்ன நடந்தது. அந்தக் கொப்பியில் அவருடைய பிழைகளும் கன இருந்தன. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

இன்னொன்று. ஒரு கந்தோரில் காலை ஒன்பது மணிக்குப் பாதிப் பேருக்கு நெட்வேர்க் இல்லை. நான் மடிக்கணினியைத் திறந்து ஏதேதோ தட்டிக்கொண்டிருந்தேன். சேர் நேரே தேநீர் போடும் அம்மாவிடம் போனார். "அக்கா, இண்டைக்கு யாராவது புதுசா ஏதும் கொண்டுவந்தவங்களா?" அந்த அம்மா உடனே சொன்னார், மேல்மாடி ஐயா வீட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து சுவரில் சொருகினார், இரண்டு கொம்பு வைத்தது என்று. போனுக்கு வைபை வேண்டுமென்று கொண்டுவந்த றவுட்டர். அது தன் பாட்டுக்கு எல்லாருக்கும் பிழையான முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. கழற்றியதும் சரி. இன்றைக்கு நான் தோஹாவில் பெரிய நிறுவனமொன்றில் வேலை. இங்கேயும் ஏதாவது விழுந்தால் முதலில் சுத்தம் செய்கிறவர்களிடம்தான் கேட்கிறேன்.

அக்கரைப்பற்று எழுதியது:

சுருக்கமாக. 2022இல் பெற்றோல் வரிசையில் சேருக்குப் பின்னால் ஒரு இரவு நின்றவன் நான். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் யூபிஎஸ் (கரண்ட் போனால் கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்குகிற பெட்டி) பற்றரிகள் நிரம்பவே நேரமில்லாமல் வரிசையாகச் செத்ததைப் பற்றி அரை மணி பேசினார், தூக்கம் வந்தது. பிறகு ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தது. நல்ல மென்பொருளா என்று கேட்டேன். "நல்லாத்தான் செய்திருக்காங்க. ஆனா கோட் ஸ்கேன் பண்ணினா பெற்றோல் வராது தம்பி, கப்பல் வந்தாத்தான் வரும்" என்றார். தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றி நான் கேட்ட ஒரே உருப்படியான வசனம்.

மற்றபடி மனிதர் வாட்சப் பார்க்கமாட்டார், போன் எடுக்கமாட்டார், இரண்டு நாள் தேட வேண்டும். ஓய்வு பெற்றவருக்குச் சரி. வேலையில் இருந்தபோதும் அப்படித்தான்!

வந்தாறுமூலை 2006 எழுதியது:

போன் எடுக்காததற்குக் காரணம் உண்டு. ஏணியில் நிற்கும்போது எடுத்து ஒருமுறை விழுந்தவர்.

கல்லடிப் பாலத்தடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாலத்தில் கண்ட அன்று மிச்சக் கதையையும் எழுதிவிடுகிறேன். 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவை ரான்சம்வேரில் (கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கிற மென்பொருள்) மாட்டி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் சுமார் 5000 முகவரிகளில் இல்லாமல் போனதல்லவா? அதைப் பற்றிக் கேட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அங்க இருந்த பொடியன்மார் எத்தனை தரம் எழுதிக் கேட்டாங்களோ, யாருக்குத் தெரியும்" என்றார். அவர் தன் காலத்தில் ஒரு புதுப் பற்றரிக்கு மூன்று வருடம் கடிதம் எழுதியவர். கடிதப் பிரதிகளும் சீஆர் கொப்பிக்குள் ஒட்டியிருக்கும். பதினொரு கொப்பிகளைக் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தாராம். அண்மையில் போனபோது அவை சேர்வர் அறைக் கதவு அடிபடாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தனவாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது தகப்பனின் வயலைச் செய்கிறார். பெரும்போகத்துக்கு விதைநெல் பார்க்கப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். நான் வீட்டுக்கு வந்து, அலுமாரிக்கு மேல் கிடந்த டிரைவைத் தூசி தட்டிச் சொருகினேன். மகள் பிறந்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் போன வருடம் வரைக்கும் அதற்குள்தான். விளக்கு எரிகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளே இருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம்.

கல்முனைக் கடைக்காரன் எழுதியது:

தம்பி, அந்த டிரைவை உடனே கழற்றுங்க. திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்க வேணாம், குலுக்கவும் வேணாம், யாரும் போமட் பண்ணித் தாறன் எண்டால் கையைப் பிடிங்க. நாளைக்கு நான் மட்டக்களப்பு வாறன். ரெண்டு பேருமா சேரின் வயலுக்குப் போவோம், அவர் போன் எடுக்கமாட்டார்.