புதுப்பிப்பு: 5,000 ரூபாயில் ஆறு பேருக்குத் தீபாவளித் துணி

ஆறு பேருக்கு 5,000 ரூபாய்க்குள் துணி எடுக்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் ஈரோடு கனி மார்க்கெட்டைச் சொன்னீர்கள். திங்கள் இரவு போய்வந்தேன். மொத்தச் செலவு 4,750. மனசு நிறைந்துவிட்டது.

வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கிறது. மொத்த வியாபாரம்தான் அதிகம். சில கடைகளில் கட்டாகத்தான் தருவார்கள், அதனால் "சில்லறைக்குக் கிடைக்குமாண்ணா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். போட்டுப் பார்க்க இடமில்லை. பிள்ளைகளின் பழைய சட்டையைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்து அளந்தேன். இந்த யோசனை சொன்ன அக்காவுக்குக் கோடி நன்றி, நான்கும் கச்சிதம்!

அம்மாவுக்கும் அத்தைக்கும் காட்டன் சேலை, தலா 650. ட்யூப்லைட்டில் மெரூன் என்று எடுத்தது காலையில் பார்த்தால் பழுப்பு. அத்தைக்கு அதுவே பிடித்துப்போனது. ஒரு சுடிதார் மட்டும் முதல் அலசலில் சாயம் விட்டது. தனியாகத் துவைக்கிறேன்.

மிச்சமிருந்ததில் தங்கைக்குக் கொடுக்க ஒரு சின்ன பவானி ஜமக்காளம். புவிசார் குறியீடு பெற்ற கைத்தறி, 600 ரூபாய்க்கு. வாங்கியதிலேயே எனக்கு அதுதான் பிடித்தது.